எங்கள் லைன் வீட்டில் சி.ஐ.டி.க்கு ஆறு பெயர்

உங்களில் பாதிப் பேருக்காவது என் வயது இருக்கும். அப்படியென்றால் மப்டி என்ற சொல் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பேரப் பிள்ளைகளிடம் சொன்னால் ஏதோ தின்பண்டம் என்று நினைக்கிறார்கள். காக்கி போடாமல் சாதாரண சட்டையில் வரும் போலீஸ்காரனுக்கு அந்தப் பெயர். அதை நான் முதலில் கேட்டது அம்மா வாயிலிருந்து.

நான் அதிகம் படிக்கவில்லை. நாலாம் வகுப்போடு சரி. ஒரு மழைக்காலத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அல்சூரில் ஏரிக்குப் பின்பக்கம் எங்கள் லைன் வீடு. எட்டு வீடு, ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். மழை பிடித்தால் எட்டு வீட்டிலும் ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைக்கும் சத்தம் ஒன்றாகக் கேட்கும். முன்னால் ஜட்காக்காரரின் குதிரை கட்டியிருக்கும். குதிரைச் சாணி வாசனை போகவே போகாது. நாங்கள் சோறு தின்றது அந்த வாசனையில்தான்.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே பஞ்சு மில்லில் வேலை. அந்த வருஷம் மில்லில் ஸ்ட்ரைக். சித்தப்பா சங்கத்து ஆள், மேடையில் பேசுவார். அப்பா மூன்றாம் வாரம் வேலைக்குத் திரும்பிவிட்டார். அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். அரிசிப் பானையின் அடி தெரிந்துவிட்டது. அவர் மில் கேட்டுக்குள் நுழையும்போது சித்தப்பா வெளியே நின்று அவர் காலடியில் துப்பினார். சொந்த அண்ணன் காலடியில்.

அதே வாரம் கேட்டில் கல்லெறி நடந்தது. சங்கத்து ஆட்கள் மேல் வாரண்ட் வந்தது. சித்தப்பா காணாமல் போனார்.

அப்பா ஒரு வார்த்தைதான் சொன்னார். "அவன் பேர இந்த ஊட்ல எவளும் எடுக்கக் கூடாது."

மில்லில் தினமும் மேஸ்திரி அப்பாவைக் கூப்பிட்டுத் தம்பி எங்கே என்று கேட்பாராம். அப்பா சாப்பிட்டுக்கொண்டே அதை அம்மாவிடம் சொல்வார். "எனக்கு மட்டும் தெரியட்டும். நானே இழுத்துக்கினு போயி உடறேன்."

அம்மா ரசம் ஊற்றுவாள். சித்தப்பா எங்கே இருக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியும்.

அம்மா கல்யாணமாகி வந்தபோது சித்தப்பாவுக்கு ஆறு வயது. மாமியார் இல்லாத வீடு. தலை வாரிவிட்டு, சோறு ஊட்டி, அம்மாதான் வளர்த்தாள். அவர் ஜீவனஹள்ளியில் ஒரு காய்கறித் தோட்டத்தில் ஒளிந்திருந்தார். அந்தக் காலத்தில் அங்கே ரயில் ரோட்டைத் தாண்டினால் தோட்டம்தான். கிணற்றுப் பக்கம் ஒரு கொட்டகை. தினம் சாயங்காலம் அக்கா ஒரு துணிப் பைக்குள் தூக்குச்சட்டியை வைத்து, மேலே இரண்டு முழம் துணியைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போவாள். தையல் கிளாஸ் போகிறாள் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தது.

அக்காவுக்குப் பதினெட்டு வயது. வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரகர் ஒரு போட்டோ கொடுத்திருந்தார். பையன் ரயில்வேயில் வேலை. பெண்ணைப் பற்றி விசாரித்துவிட்டு, அப்புறம் பெண் பார்க்க வருவார்கள் என்று பேச்சு. நான் சின்னப் பெண் என்று போட்டோவை என் கண்ணில் காட்டவில்லை.

ஒருநாள் அம்மா என்னை அடுப்பங்கரையில் உட்கார வைத்துச் சொன்னாள்.

"யாராச்சும் வந்து நம்ம ஊட்டப் பத்தி கேட்டா இன்னா சொல்லுவ?"

"தெரியாதும்பேன்."

"அப்படிச் சொல்லாத. தெரியாதுன்னா, எல்லாம் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். வேற எதனா சொல்லிடு. எத வேணா சொல்லு, சித்தப்பாவ மட்டும் சொல்லாத."

சரி என்றேன். அம்மா என்னிடம் பெரிய மனுஷியிடம் பேசுவதுபோலப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஸ்ட்ரைக் நடந்ததால் மில்காரர்கள் ஆள் வைத்து வேவு பார்க்கிறார்கள் என்று எங்கும் பேச்சு. எங்கள் லைனில் அந்த வேவு ஆளுக்கு ஒவ்வொருவர் வாயிலும் ஒரு பெயர். அப்பா சி.ஐ.டி. என்பார். அம்மாவுக்கு மப்டி. வீட்டுக்காரம்மா கன்னடக்காரர், அவர் பத்தேதார் என்பார். ஜட்காக்காரர் ஜாசூஸ் என்பார், சொல்லும்போதே குரல் தணிந்துவிடும். சித்தப்பா மாதிரி மில் ஆட்களுக்கு அவன் பல்லி. சுவரில் ஒட்டிக்கொண்டு கேட்பதால். அக்கா வாடகைக்குக் கதைப் புத்தகம் எடுத்துப் படிப்பவள். அவள் மட்டும் அழுத்தமாகத் துப்பறிவாளர் என்பாள். மரியாதையாக, ர் போட்டு.

ஆறு பெயரையும் நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். ஆளைத்தான் பார்க்கவில்லை.

ஆள் ஒரு திங்கட்கிழமை வந்தான்.

மூலையில் சோடாக் கடை. அதற்கு எதிரே புளியமரம். மரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒருவன் பேப்பர் படித்தான். பேப்பர் மூஞ்சியை மறைத்திருந்தது. அரை மணி நேரம் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும்.

முதலில் கண்டுபிடித்தது நான்தான். குழாயடியில் போய்ச் சொன்னேன். வீட்டுக்காரம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"நோடு, அங்க பாரு. ஷூ போட்டிருக்கான். பத்தேதாரே தான். நம்ம வட்டாரத்துக்கு ஏன்மா வர்றான்?"

"சத்தம் போடாதீங்க. காதுல உழப்போவுது," என்றாள் அம்மா. அவள் ரோட்டுப் பக்கம் தலைகூட நீட்டவில்லை. அவன் போகும்வரை வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

ஜட்காக்காரர் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "பேட்டி, அவன் ஜாசூஸ். கேட்டா பாத் நக்கோ கரோ. பேசாத. என்னா?"

"பேசுவேன். வேற எதனா சொல்லுவேன்," என்றேன்.

அவர் சிரித்தார். "அரே, நீ அவனவிட பெரிய ஜாசூஸா இருக்கியே."

அந்த வார்த்தை எனக்குத் தலைக்கேறிவிட்டது. அதற்கப்புறம் நான் அவனை வேவு பார்த்தேன். சோடாக் கடைப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். பழுப்பு கேன்வாஸ் ஷூ. வலது கால் பேண்டில் கிளிப். அந்த வளைந்த இரும்புக் கிளிப்பை இப்போது எங்கேயும் பார்க்க முடியாது. சைக்கிளில் டைனமோ. தலையில் வாசனை எண்ணெய். மழைத் தூறலிலும் மூக்குக்கு வரும். சட்டையில் மேலே இருந்து இரண்டாவது பட்டன் வேறு நிறம். கோலி சோடா குடித்தால் பாட்டிலைத் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பான். எல்லாவற்றையும் வந்து அக்காவிடம் ஒப்பிப்பேன்.

அக்கா வாயைத் தாவணியால் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

"பட்டன் வேற கலரா? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. வெள்ளச் சட்டைக்கு நீலப் பட்டன்."

"பாவம், தெச்சிக் குடுக்க ஆளில்ல போல உன் துப்பறிவாளருக்கு."

"உனக்குப் பயமா இல்லியாக்கா?"

"எதுக்குப் பயம்? நின்னுட்டுப் போறாரு."

அந்த நாட்களில் அக்கா தூக்கு எடுத்துப் போகும்போது கனகாம்பரம் வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். சி.ஐ.டி.யை ஏமாற்றத்தான் வேஷம் போடுகிறாள் என்று நான் நினைத்தேன். என் அக்காவின் தைரியத்தை நினைத்து எனக்கு ஒரே பெருமை.

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போவான். ரயில் ரோடு வந்ததும் நின்றுவிடுவான்.

இரண்டாவது வாரம் ஒருநாள் அக்கா போன பிறகு அவன் என்னிடம் வந்தான். நான் பலகைக்குப் பின்னாலிருந்து எழுவதற்குள் பக்கத்தில் வந்துவிட்டான். மழை விட்டிருந்தது. ரோடெல்லாம் சேறு. நான் அவன் ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாப்பா, அந்த ஊட்டுப் பொண்ணு உங்கக்காதானே?"

"ஆமா."

"சாயங்காலமானா எங்க போறாங்க?"

"தையல் கிளாஸ்."

"இந்தப் பக்கம் தையல் கிளாஸே இல்லியே பாப்பா. ரயில் ரோட்டத் தாண்டினா வெறும் தோட்டம்."

தோட்டம் வரைக்கும் வந்துவிட்டான்.

"பையில தூக்கு இருக்குதே. மூடி சத்தம் கேக்குது. யாருக்குச் சோறு?"

அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. எதை வேண்டுமானாலும் சொல்.

"எங்க மாமாவுக்கு," என்றேன்.

"எந்த மாமா?"

"அக்கா கட்டிக்கப்போற மாமா. பட்டாளத்துல கீறாரு. அங்க சோறு நல்லா இல்லியாம். அதான் அக்கா தெனம் எடுத்துக்கினு போவுது. ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடுவாங்க."

கடைசி வரி நானாகச் சேர்த்தது. பொய் கெட்டியாக இருக்கட்டும் என்று. சொன்னதும் திரும்பி ஓடிவிட்டேன். மூச்சு வாங்க அடுப்பங்கரைக்குள் போனேன்.

"அம்மா, மப்டி கேட்டாம்மா. நான் வேற சொல்லிட்டேன். சித்தப்பாவச் சொல்லல."

அம்மா என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். வெல்லத்துண்டு ஒன்று கொடுத்தாள். "கெட்டிக்காரிடி நீ," என்றாள்.

என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. இதை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே கேட்டிருந்தால் தரகரை அனுப்பிச் சரி பண்ணியிருக்கலாம். ஆனால் அவளுக்கும் அவன் மப்டிதான். மப்டியிடம் சொன்ன பொய்யில் நல்ல பொய், கெட்ட பொய் என்று உண்டா என்ன.

அவன் மறுநாள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

லைன் முழுக்க எனக்குப் பேர். வீட்டுக்காரம்மா பத்தேதாரை விரட்டியவள் என்று கூப்பிட்டுக் கோடுபளே முறுக்கு கொடுத்தார். ஜட்காக்காரர் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்தார். அக்கா மட்டும் நாலைந்து நாள் புளியமரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"இன்னிக்கும் வரலியாடி?" என்று கேட்டாள்.

"இனிமே வரமாட்டாங்க்கா. ஓட்டி உட்டுட்டேன்."

"என்னா சொன்ன?"

அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். நான் ஓடிவிட்டேன். அக்கா மறுபடி கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்தார். அப்பா வீட்டில் இருந்தார். தரகர் குடையை மடக்கிக் கதவோரம் வைத்தார். தண்ணீர் கொடுத்ததைக் குடிக்கவில்லை. எனக்கு அது வித்தியாசமாக இருந்தது. எப்போதும் இரண்டு டம்ளர் கேட்பவர்.

"அவங்க வேணாம்னுட்டாங்க," என்றார்.

அப்பா, "ஏன், இன்னா கொற?" என்றார்.

"விசாரிச்சிருக்காங்க. பொண்ணுக்கு ஒருத்தன் கீறானாம். பட்டாளத்துக்காரன். தெனம் சாயங்காலம் தோட்டத்துல வச்சுச் சோறு போடுதாம். ரெண்டு பேரும் உக்காந்து சாப்புடறாங்களாம்." கொஞ்சம் நிறுத்தினார். "தெருவுல போற எவனும் சொல்லல. உன் சின்னப் பொண்ணே சொல்லியிருக்குது."

தரகர் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் வரவில்லை. விசாரித்தவன் புளியமரத்தடியில் நின்றவன். மாப்பிள்ளை வீட்டு ஆள். எல்லாப் பெண் வீட்டுக்கும் ஒரு ஆள் வந்து விசாரிப்பான், அது ஊர் வழக்கம். எங்கள் லைனில் எட்டு வீட்டிலும் பெண் கட்டிக் கொடுத்தவர்களும் பெண் எடுத்தவர்களும் இருந்தார்கள். ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. ஆறு பெயர் வைத்தோம். ஏழாவதாக ஒன்று இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னியா?"

நான் வாயைத் திறந்தேன். பொய்ப்பா, சித்தப்பாவுக்காகச் சொன்னேன்ப்பா என்று சொல்லத்தான் திறந்தேன். என் பாதத்தின் மேல் அம்மாவின் பாதம் வந்தது. முழு பாரமும் வைத்து மிதித்தாள். மெட்டி என் விரலில் குத்தியது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"சொன்னியாடி?"

"சொன்னேன்."

அப்பா எழுந்து அக்காவிடம் போனார். "யாருடி அவன்?"

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை. உங்க தம்பிக்குத்தான் சோறு போனது என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்காவுக்கும் அதே வார்த்தை தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா அந்தக் கோபத்திலேயே மேஸ்திரியிடம் போவார். அது மூன்று பேருக்கும் தெரியும்.

அப்பா பெல்ட்டைக் கழற்றினார். தரகர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்பா அதுவரை அக்காவைத் தொட்டு அடித்ததில்லை. அக்கா சத்தம் போடவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு அடிக்கும் அம்மாவின் பாதம் என் பாதத்தில் இறுகியது. எடுக்கவே இல்லை.

இதுவரைக்கும் சொல்லிவிடலாம். இதற்கு அடுத்ததைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் சாயங்காலம் அம்மா அடுப்பங்கரையில் தூக்குச்சட்டியைக் கழுவினாள். சோறு போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினாள். மேலே அப்பளம் இரண்டு வைத்தாள். மூடியை அழுத்தினாள். துணிப் பையில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"போயிட்டு சீக்கிரம் வந்துடு."

உள்ளறையில் அக்கா குப்புறப் படுத்திருந்தாள். முதுகில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசியிருந்தது. அம்மாதான் பூசினாள். பூசின கையால்தான் சோறும் கட்டினாள். நான் பையைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். என்னால் நகர முடியவில்லை.

"அவன் நேத்து சாப்புடலடி," என்றாள். அவ்வளவுதான்.

நான் போனேன். சித்தப்பா கொட்டகை வாசலில் நின்றிருந்தார். "எங்கடி அக்கா?"

"காய்ச்சல்."

"கசாயம் வச்சிக் குடுக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். பசி. ஒரு பருக்கை விடவில்லை.

பதினேழு நாள் நான்தான் கொண்டுபோனேன். அப்புறம் ஸ்ட்ரைக் முடிந்தது. வாரண்டை வாபஸ் வாங்கினார்கள். சித்தப்பா தாடியோடு வீட்டுக்கு வந்து அப்பா எதிரில் நின்றார். அப்பா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மொதல்ல குளி," என்றார்.

அவர் குளிக்கும்போதுதான் அம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா மெல்ல எழுந்து அக்கா இருந்த அறை வாசலில் போய் நின்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல," என்றார்.

"சொல்லியிருந்தா சித்தப்பாவ உட்டிருப்பீங்களா?" என்றாள் அக்கா.

அப்பா மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். பத்து மணிக்குப் போனவர் ஒரு மணிக்கு வந்தார். சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"பந்தக்கால் நட்டிருக்குது. அந்தப் பையனுக்கு வேற எடத்துல நிச்சயமாயிடுச்சு. வெள்ளிக்கெழம கல்யாணம்." அம்மா ஏதோ கேட்க வாயெடுத்தாள். "விசாரிக்க வந்தது அவனேதானாம்," என்றார் அப்பா. "அவங்கப்பாவுக்கே மொதல்ல தெரியாதாம். பொண்ண நேர்ல பாக்கணும்னு தெனம் வேல முடிஞ்சு சைக்கிள்ல வந்து நின்னிருக்கான். நான் விசயத்தச் சொன்னேன். தலையத் தொங்கப்போட்டுக்கினு கேட்டான்."

நான் அக்காவைத் தேடிப்போனேன். துவைக்கிற கல்லில் அப்பாவின் காக்கி பேண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

"அக்கா, அவரேதானாம்."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"மொத நாளே தெரியும்டி. போட்டோவுல பாத்தேனே."

லைனே பயந்து செத்துக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஏங்க்கா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? என்னப் பாக்க மாப்ள வந்து நிக்கிறாருன்னு கொழாயடியில போயி சொல்லவா? எந்தப் பொண்ணு சொல்லுவா?" பேண்டைத் திருப்பிப் போட்டாள். சோப்பு வைத்தாள். "நிக்கட்டும்னு நெனச்சேன். நல்லா இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் தேய்த்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீ அந்தப் பட்டாளத்து மாமான்னு சொன்னியே. அப்ப அவரு மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

அவரைப் பற்றி எல்லாம் எனக்குத் தெரியும். ஷூவுக்கு எத்தனை துளை, எந்தக் கையால் சோடாவைப் பிடிப்பார், எல்லாம். அன்றைக்கு நான் சேற்றில் நின்ற ஷூவைத்தான் பார்த்தேன். பேசிவிட்டு ஓடிவிட்டேன்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கண்ணு கலங்கிடுச்சுக்கா என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நல்ல பொய். எனக்குப் பொய் நன்றாகவே வந்துகொண்டிருந்த காலம் அது. வாய் வரவில்லை.

"பாக்கலக்கா," என்றேன்.

அக்கா தலையாட்டினாள். "சரி, தண்ணி ஊத்து," என்றாள்.

நான் ஊற்றினேன். அவள் அலசினாள்.